நவம்பர் மாதத்துக்கான முன்குறிப்புகள்

பிறக்காத பிள்ளைக்கு ஜாதகம் கணிப்பதுதான்
எனக்குக் கிடைத்த வேலை.
வரப்போகும் ஒவ்வொரு கச்சேரிக்கும் ஐம்பது சொல்.
மாதக் கடைசியில் இருநூறு ஸ்லாட்டி,
கதவருகே ஒரு நாற்காலி, காசில்லாமல்.

கிதான்ஸ்க் கப்பல் பட்டறைக்குப் பின்தெருவில்
ஒரு காலத்தில் மாலுமிச் சட்டைகள் வெளுத்த நிலவறை.
சுவரில் இன்னும் சோடா உப்பின் நெடி.
நாற்காலிகள் ஐம்பத்திரண்டு,
மூன்றுக்குக் கால் சரியில்லை.

நான்காம் தேதி, செவ்வாய்.
க்னியெவ்கோ, தனியாக டிரம்ஸ்.
'தாளத்தை மறந்த கைகள் மழையை நினைவுகூரும்'
என்று எழுதி அனுப்பினேன்.
மழையாவது கிழையாவது.
போன வசந்தத்தில் அவன் ஒரு மணி நேரம்
சிம்பலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.
முன்வரிசையில் ஒருத்தி தேம்பி அழுதாள்.
பக்கத்திலிருந்த அவள் கணவன்
இடைவேளையில் வந்து
இரண்டு டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கேட்டான்.

பதின்மூன்று, வியாழன்.
பெர்கனிலிருந்து மூவர்.
சாக்ஸபோன், கான்ட்ராபேஸ்,
மூன்றாமவர் கையில் என்ன இருக்குமென்று
கடிதத்தில் இல்லை. கேட்டேன்.
'வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம்' என்றார் தோர்கெய்ர்.
அவர் கவலையெல்லாம் எங்கள் வாசற்படியின் அகலம்.
டேப் வைத்து அளந்தேன்: எழுபத்தொன்பது சென்டிமீட்டர்.
அந்த மாதம் நான் எழுதியதில்
துல்லியமான வரி அது.

ஸ்பிலூட் என்றொருவர் வருவார்.
முப்பது வருடம் துறைமுகத்து கிரேனில்
வானத்துக்கும் டெக்குக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர்.
ஜாஸ் பிடிக்குமா என்று கேட்டால்
பென்சிலைச் சீவிக்கொள்வார்.
என் குறிப்பை முழங்காலில் விரித்து
நடந்ததற்கு டிக், நடக்காததற்குப் பெருக்கல் குறி,
சந்தேகத்துக்கு ஒரு புள்ளி.

'மௌனத்தின் விளிம்பில் என்று போட்டிருந்தாய்,
எனக்குக் கேட்டது ஹீட்டர் குழாய்தான்.'
உண்மை.
அன்று குழாய் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்ததும்
டிரம்பெட்காரி வாசிப்பதை நிறுத்திவிட்டுச்
செவியைச் சுவரில் வைத்தாள்.
பிறகு பதினொரு நிமிடம்
குழாய் கேட்க, அவள் பதில் சொல்ல,
அவள் கேட்க, குழாய் சும்மா இருக்க.
அந்த இரவைப் பற்றி
யாரும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.
ஸ்பிலூட்டின் தாளில் அன்று பெருக்கல் குறி மட்டும்.
கடைசி ஆளாக எழுந்து போனார்.

இருபத்தேழு, வியாழன். யாகோதா, பியானோ.
உடன் வாசிப்பவர் யாரென்று அன்று காலையில் முடிவாகும்.
நள்ளிரவு வரை எழுதினேன், அடித்தேன்,
'அலை' வந்தது, 'ஆழம்' வந்தது,
இரண்டையும் துரத்திவிட்டுத் தூங்கிப்போனேன்.
அச்சகத்துக்குப் போன தாளில்
இடம் பிடித்துவைக்கப் போட்டிருந்த வரி அப்படியே நின்றது:
'இங்கே ஐம்பது சொல் வரும்.'

நானூறு பிரதி.
நூலகத்தில், பல் மருத்துவர் அறையில்,
ஹெர்ரிங் மீன் கடைக் கண்ணாடியில்,
எட்டாம் எண் டிராம் நிற்குமிடத்தில்.
அம்பு வில்லைவிட்டுப் போனது போனதுதான்.
போக்னா கணக்குப் புத்தகத்தால் தலையில் அடித்துக்கொண்டாள்,
பிறகு சிரித்தாள், பிறகு மறுபடி அடித்துக்கொண்டாள்.

டிராமுக்காக நிற்கையில் ஸ்பிலூட் தாளை நீட்டினார்.
அந்த வரிக்கு நேராக டிக்.
'கச்சேரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே' என்றேன்.
'வரும் என்றுதானே போட்டிருக்கிறாய்?
வரட்டும்.'
டிராம் வந்தது. அவர் ஏறவில்லை,
அவருடையது ஆறாம் எண்.

டிக்கெட் முப்பது ஸ்லாட்டி, சில்லறையாகக் கொண்டுவரவும்.
கோட்டுகளை மடியில் வைத்துக்கொள்ளவும்.
ஹீட்டர் அணைக்கப்பட மாட்டாது.

நேற்றிரவு யாகோதா போனில் கேட்டாள்:
அந்த நடுக் கட்டை இன்னும் ஒட்டிக்கொள்கிறதா?
ஒட்டுகிறது, அழுத்தினால் எழ மறுக்கிறது,
சரிசெய்பவர் இருபதாம் தேதி வருகிறார் என்றேன்.
கொஞ்சநேரம் பேச்சில்லை.
அவள் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
'அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடேன்.'

நான் இன்னும் சொல்லவில்லை.